கெட்டி ஆயில்

என் பட்டறைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்கள். "நல்ல ஆயிலாப் பாத்து ஊத்துங்கண்ணே." அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லது கெட்டது அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த இஞ்சினுக்கு அது சேர வேண்டாமா?

என் பெயர் சுருளிராஜன். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுகிற சாலையில் இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். டீசல் வண்டிகள், அதிலும் ஜீப்புகள்தான் என் பிழைப்பு. ஆயில் டப்பாவில் இரண்டு எண்கள் போட்டிருக்கும். முதல் எண் வண்டி குளிர்ந்து கிடக்கும்போது ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. அது சின்னதாக இருந்தால் காலையில் சாவி திருப்பியதும் ஆயில் மளமளவென்று மேலே ஏறிவிடும். இரண்டாவது எண் இஞ்சின் கொதித்த பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இப்போது வருகிற புதுக் கார்களுக்கு 5-30. அதை ஊற்றினால் பார்த்துக்கொண்டு நிற்கிறவர், "என்னப்பா, தண்ணியா இருக்கு, கலப்படமா?" என்று சண்டைக்கு வருவார். நம் ஜீப்புகளுக்கு 15-40. வண்டியோடு கொடுக்கிற புத்தகத்திலேயே எழுதியிருக்கும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் புத்தகத்தை யார் பிரிக்கிறார்கள்? கெட்டி என்றால் சத்து என்று நம்புகிற ஊர் இது. பால் கெட்டியாக இருக்க வேண்டும், குழம்பு கெட்டியாக இருக்க வேண்டும், மலையேறுகிற வண்டிக்கு ஆயிலும் கெட்டியாக இருக்க வேண்டும். ஜீப் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் 20-50 கேட்டுத்தான் வருவார்கள். அவர்களோடு தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். மார்கழியில் விடியற்காலைக் குளிரில் அந்த ஆயில் பாகு மாதிரி உறைந்து கிடக்கும், மேலே ஏறுவதற்குள் இஞ்சின் வெறும் இரும்போடு இரும்பாகத் தேயும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

இவ்வளவு விவரம் தெரிந்தவன்தான் இந்தக் காரியத்தையும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதையெல்லாம் சொன்னேன்.

சுரேஷ்கண்ணன் என்று ஒரு வண்டித் தரகன். சின்னமனூர்க்காரன். எனக்கு ஒன்றுவிட்ட அக்காள் மகன், மாமா மாமா என்று ஒட்டிக்கொள்வான். என் பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி அவன் கொண்டுவருவது. பழைய ஜீப் ஒன்று அவன் கைக்கு வந்தால் விற்பதற்கு முன்னால் என்னிடம் விடுவான். இஞ்சினுக்குள்ளே பேரிங் தேய்ந்து தட்டிக்கொண்டிருக்கும், புகை நீலமாக வரும், ஆயில் பிரஷர் லைட் மினுக்கும். முறையாகப் பார்த்தால் இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். நாங்கள் பிரிக்க மாட்டோம். 20-50 மூன்று பங்கு, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற தொண்ணூறாம் நம்பர் ஒரு பங்கு. ஊற்றினால் தட்டுகிற சத்தம் அடங்கிவிடும். புகை குறையும். லைட்டும் அணைந்துவிடும். எங்களுக்குள் அதற்கு வாய்க்கட்டு என்று பெயர். வண்டி பேசாது.

எவ்வளவு நாள் பேசாது? அது வண்டியைப் பொறுத்தது. ஆறு மாதம் ஓடியதும் உண்டு, இரண்டு வருடம் ஓடியதும் உண்டு. யார் வாங்குகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா?

போன மாதம் ஒரு புதன்கிழமை, முனீஸ்வரி ஒரு வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கினாள். ஓட்டி வந்ததும் அவள்தான். ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவள், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். தினமும் காலையில் பன்னிரண்டு பொம்பளைகளைச் சேர்த்துக்கொண்டு, வாடகை ஜீப்பில் மலையேறி, வண்டன்மேட்டுப் பக்கம் போய்க் காய் பறித்துவிட்டு சாயங்காலம் இறங்குவார்கள். டிரைவர்கள் இஷ்டத்துக்கு நேரத்தை மாற்றுவதும், இடமில்லை என்று பாதிப் பேரை விட்டுவிட்டுப் போவதும் அவளுக்குச் சலித்துவிட்டது. சொந்தமாக ஒரு ஜீப் வாங்குவது என்று முடிவு செய்து, லைசன்ஸும் எடுத்துவிட்டாள்.

"சுரேஷு அண்ணன் வண்டி. அச்சாரம் மட்டுந்தேன் குடுத்திருக்கேன். நீங்க பாத்து நல்லாருக்குன்னு சொன்னாத்தேன் முடிக்கிறது" என்றாள்.

அந்த வண்டியை எனக்குத் தெரியும். பத்து நாள் முன்னால் நான்தான் வாயைக் கட்டி அனுப்பியிருந்தேன்.

தெரியாதவன் போல இஞ்சின் மூடியைத் திறந்தேன். அளவு பார்க்கிற கம்பியை உருவினால், நுனியில் ஆயில் சொட்டவே மாட்டேன் என்று நின்றது. அதற்குள் சுரேஷ் போனில் வந்துவிட்டான். "மாமா, பொம்பள அங்கனதேன் வந்திருக்கு போல. பாத்துப் பேசுங்க. நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும்தேன் பேரு கெடும்" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே மிரட்டுவதற்கு அவனிடம்தான் படிக்க வேண்டும்.

"பரவாயில்ல தாயி, வண்டி ஓடும்" என்றேன்.

பொய் இல்லை. ஓடும்தான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வீரபாண்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டுவிட்டுத் திங்கட்கிழமை ஆள் ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேர், அவளோடு பதின்மூன்று. பேரிங் ஒரு நாள் இறுகிப் பிடிக்கும். ஏற்றத்தில், வளைவில், முழுப் பாரத்தோடு இஞ்சின் சடாரென்று நிற்கும். இஞ்சின் நின்றால் பிரேக் இரண்டு மிதி பிடிக்கும், மூன்றாவது மிதியில் பெடல் கல்லாக இறுகிவிடும், வண்டி நிற்காது. பின்னால் உருள்கிற ஜீப்புக்கு அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவள் மறுபடி வந்தாள். வேலைக்கு இரண்டு நாள் லீவு சொல்லியிருக்கிறாளாம்.

"பூசைக்கு முந்தி புது ஆயிலா மாத்திருங்கண்ணே. பழசு யாரு எப்ப ஊத்துனாகளோ."

ஷெல்பில் இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் கை 20-50 டப்பாவைத்தான் எடுத்தது. அதையே ஊற்றி அனுப்பிவிட்டால் வண்டி மறுபடி வாயைத் திறக்காது, என் வாயும் திறக்க வேண்டியதில்லை. மூடியைத் திருகும்போது முனீஸ்வரி வண்டிக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். நைந்துபோன புத்தகம். பழைய சொந்தக்காரர் வைத்திருந்தது.

"இதுல 15-40ன்னு போட்டிருக்கே. நீங்க எடுத்தது 20-50ல்ல?"

எங்கள் ஊரில் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். சந்தோஷப்பட வேண்டியவன் நான்.

"அது கீழ ஓடுற வண்டிக்கு. மலைக்குப் போறதுக்குக் கெட்டியாத்தேன் ஊத்தணும்" என்றேன். இருபத்தாறு வருடமாக எதை முட்டாள்தனம் என்று ஊரைத் திட்டினேனோ, அதையே கூசாமல் சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரிதேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருந்தால் கோபப்பட்டு ஊற்றியிருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் கை நிற்காது. அவள் கேட்கவில்லை. படித்ததை விட்டுவிட்டு என்னை நம்பிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மாதிரி வெட்கம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததே இல்லை.

டப்பாவை ஷெல்பில் திரும்ப வைத்தேன். பழைய ஆயிலை இறக்கினேன். அது இறங்கி முடிய வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமானது. புது ஃபில்டர் போட்டு, 15-40 ஊற்றினேன். "புத்தகத்துல இருக்குறதுதேன் சரி. வா, மேட்டுல ஒரு சுத்து போய்ட்டு வருவோம். நீயே ஓட்டு" என்றேன்.

அடிவாரம் வரைக்கும் வண்டி ஒன்றும் சொல்லவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு தாண்டி இஞ்சின் நன்றாகச் சூடேறியது. மூன்றாவது வளைவின் ஏற்றத்தில் அவள் ஆக்சிலேட்டரை மிதித்ததும் கீழேயிருந்து தட்டத் தொடங்கியது. டக், டக், டக். மிதிக்க மிதிக்க ஓங்கி அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். வண்டி நின்ற நிலையில் ஆயில் பிரஷர் லைட் சிவப்பாக மினுக்கியது.

"என்னண்ணே இது? நேத்து இந்தச் சத்தம் இல்லையே?"

"நேத்தும் இருந்துச்சு. கெட்டி ஆயில ஊத்தி அமுக்கி வச்சிருந்துச்சு."

"யாரு ஊத்துனது?"

"நாந்தேன்."

அவள் இஞ்சினை அணைத்தாள். கை பிரேக்கைப் போட்டாள். இறங்கி, ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் தேவலை.

"எத்தன வண்டிக்கு இப்புடிப் பண்ணிருக்கீக?"

"கணக்கு வச்சுக்கல."

"ஆள் ஏத்துற வண்டிக்கு?"

யோசித்தேன். மூன்று வண்டிகள் கூடலூர்ப் பக்கம் போய்விட்டன. ஒன்றைப் போன வருடமே இஞ்சின் போய்ப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். "இப்ப நம்ம ஸ்டாண்டுல நிக்கிறது ஒண்ணுதேன். பொன்னுராஜு வண்டி."

முனீஸ்வரி அப்படியே சாலையோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னுராஜ் வண்டியில்தான் அவள் ஆட்கள் ஒன்றரை வருடமாகப் போய் வருகிறார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

"இன்னைக்கும் அதுலதேன் போயிருக்காளுக" என்றாள்.

மணி நாலு. தோட்டத்து ஜீப்புகள் இறங்குகிற நேரம். அவள் எழுந்திருக்கவில்லை. மேலே வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜீப்பாக வந்தது. மஞ்சள் ஒன்று, நீலம் இரண்டு. நான் பேச வாயெடுத்தேன். "பேசாதீக" என்றாள். அரை மணி நேரம் கழித்துப் பொன்னுராஜின் பச்சை ஜீப் வந்தது. பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இவளைப் பார்த்துக் கையாட்டிச் சத்தம் போட்டார்கள். புது வண்டியோடு வந்து நிற்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். இவளும் கையைத் தூக்கினாள். ஜீப் மறைந்த பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பாறைப் பக்கம் திரும்பி நின்றேன்.

கீழே இறங்கியதும் வெள்ளை ஜீப்பைச் சுரேஷின் இடத்தில் விட்டுவிட்டு அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டாள். நானும் உடன் நின்றேன். அவன் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, இனிமே உம்ம பட்டறைப் பக்கம் என் வண்டி ஒண்ணு வராது" என்றான். சரி என்றேன்.

பொன்னுராஜிடம் அன்றைக்கே போனேன். நடந்ததைச் சொல்லி, வண்டியை விடு, ஒரு வாரத்தில் இஞ்சினைப் பிரித்துப் பேரிங் மாற்றித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். அவன் சிரித்தான். "காய் சீசன்ல ஒரு வாரம் நிப்பாட்டச் சொல்றீகளா? என் வண்டில சத்தமே இல்ல. சத்தம் வந்தாக் கொண்டாரேன்." சத்தம் வராதபடி செய்ததுதானே சிக்கல் என்றேன். அவன் உள்ளே போய்விட்டான்.

அதனால் மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்டாண்டுக்குப் போனேன். முனீஸ்வரி அங்கே எனக்கு முன்பே நின்றாள். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியதில்லை. திட்டத்தான் தெரியும்.

"இந்த வண்டில ஏறாதீங்க. இஞ்சினு உள்ள தேஞ்சு கெடக்கு. வெளிய தெரியாம கெட்டி ஆயில ஊத்தி மறச்சது நாந்தேன்."

பொன்னுராஜ் என் சட்டையைப் பிடித்தான். ஒரு பெண் என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினாள். இளசுகள் ஐந்து பேர் இறங்கிவிட்டார்கள். மற்ற ஏழு பேர் அசையவில்லை. அவர்களில் மூத்தவள் கஸ்தூரியம்மாள். அவள்தான் பேசினாள்.

"நீ சொல்றது நெசந்தேன்யா. முகத்தப் பாத்தாத் தெரியுது. ஆனா இன்னைக்கு நாங்க போகலேன்னா சூப்பர்வைசரு வேற ஆளப் போட்டுருவான். ஒருக்கா விட்ட எடம் சீசன் முடியுற வரைக்கும் கெடைக்காது. வேற வண்டி இருக்கா?"

முனீஸ்வரி நான்கு டிரைவர்களுக்குப் போன் போட்டாள். ஜீப்புகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன, நிற்கிறவற்றிலும் இடம் இல்லை. நாளைக்கு வேண்டுமானால் ஒரு வண்டி வரும் என்றார்கள்.

"அப்ப நாளைக்கு அதுல போறோம். இன்னைக்கு இது. ஏலே பொன்னுராஜு, எடு வண்டிய. மெதுவாப் போ" என்றாள் கஸ்தூரியம்மாள்.

"அக்கா, எறங்குங்கக்கா" என்று முனீஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இறங்கவில்லை. முனீஸ்வரி கையை விட்டுவிட்டு, தானும் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவுகள நாந்தேன் இதுல ஏத்திவிட்டேன். இவுக மட்டும் எப்புடிப் போவாக?" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் ஏறுங்க."

ஏறினேன். பக்கத்தில் நின்ற லாரியிலிருந்து சக்கரத்துக்கு வைக்கிற மரக்கட்டை ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பின் கதவை ஒட்டி உட்கார்ந்தேன். வண்டி நின்றால் முதலில் குதிக்க வேண்டியவன் நான்தான். துப்பிய பெண் எனக்காகக் காலை ஒடுக்கிக்கொண்டாள். அவள் இறங்கியிருப்பாள் என்று நினைத்தேன், இறங்கவில்லை.

பொன்னுராஜ் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பியது. அடிவாரம் தாண்டி முதல் வளைவில் ஏறும்போது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஆபத்து வந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும் என்று நினைத்தார்கள். கஸ்தூரியம்மாள் குனிந்து, "என்னய்யா, சத்தம் ஏதும் கேக்குதா?" என்றாள்.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வளைவு போனது. மூன்றாவது போனது. இஞ்சின் பூனை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அந்தப் பேரிங்கில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இந்த வளைவுக்குத் தாங்குமா, அடுத்ததற்குத் தாங்குமா என்று சொல்லக்கூடியது ஒரே ஒரு சத்தம்தான். அது எனக்குக் கேட்கவில்லை. நான் ஊற்றியது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.